ரிசப்ஷனுக்கு ப்ரீவாத்

ஃபெஸ், மொராக்கோ

அன்புள்ள மீனா,

சுகம்தானே? இங்கே எல்லாரும் நலம். இவருக்கு முதுகுவலி பழையபடி, சின்னவனும் பழையபடி. விசாரிப்பு முடிந்தது, இனி சண்டை.

ராஜி போனில் சொன்னாள். ஒரு ரிசப்ஷனுக்கு 300 பேருக்கு 'மொராக்கோ ஸ்டார்ட்டர்' செய்வதாக ஒப்புக்கொண்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டாயாமே! ஃபெஸ்ஸில் நான் ஒருத்தி இருக்கிற தைரியம்தானே? ஹாஸ்டலில் கேசரி என்று சொல்லி எங்களுக்கு ஊட்டிய கை அல்லவா அது.

சரி, கேள். இதற்கு இங்கே ப்ரீவாத் என்று பெயர். நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஹரீரா சூப்போடு வைப்பார்கள். பார்வைக்கு நம் பாய் கடைச் சமோசாதான். அந்த நினைப்பில் பச்சைமிளகாயும் கரம் மசாலாவும் போட்டாயோ, தொலைந்தாய். அரைக் கிலோ கைமாவுக்கு ஒரு பெரிய வெங்காயம், சீரகத்தூளும் காஷ்மீரி மிளகாய்த்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, சுக்குப்பொடியும் மிளகுப்பொடியும் அரையரை, பட்டைத்தூள் கால். மல்லித்தழையும் பார்ஸ்லியும் கை நிறைய. தண்ணீர் சுண்டும்வரை வதக்கு. கடைசியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பூரணம் உதிராது. ஆறின பிறகுதான் மடிக்கவேண்டும். ஈரமோ சூடோ இருந்தால் மாவுத்தாள் ஊறி எண்ணெயில் வாய் பிளந்துவிடும்.

அந்தத் தாளுக்கு வர்கா என்று பெயர். ரிசீஃப் சந்தையில் பெண்கள் அதைப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் வாங்க வந்த காய்கறி மறந்துவிடும். கொழகொழவென்று தொங்குகிற மாவு உருண்டையைக் கையில் ஏந்தி, சூடான தகட்டில் பட்பட்டென்று ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். ஒற்றின இடமெல்லாம் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, பக்கத்துப் படலத்தோடு சேர்ந்து வட்டமாகிவிடும். ஓரத்தைக் கிள்ளி உரித்தால், மறுபக்கம் தெரிகிற தாள்! கை சுடுவதைப் பற்றி ஒருத்திக்கும் கவலையில்லை. மேல்வீட்டு லல்லாவிடம் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். "கடையில் விற்கிறதே, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். அதனால் நீயும் பேசாமல் சமோசா ஷீட் வாங்கு. இருக்கிறதிலேயே மெல்லியதாகப் பார்த்து வாங்கு. வெண்ணெய் தடவி மடித்து, ஓரத்தை முட்டை மஞ்சள்கருவால் ஒட்டு.

விளையாட்டை விடு, மீனா. வளையலை அடகு வைத்து ஆரம்பித்த தொழில், இது முதல் பெரிய ஆர்டர். நமுத்துப்போன ஒரு தட்டு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போனால் போதும், அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சுற்றும். அன்றைக்கு உட்கார்ந்து மடிக்கலாம் என்று நினைக்காதே. முந்தின நாளே மடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வை. உறைந்ததும் பெட்டியில் அடுக்கு. குளிர் போகக் காத்திருக்காமல் அப்படியே எண்ணெயில் போடலாம், இங்கே நோன்புக்கு முன்னால் வீடுவீடாக இதைத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, இல்லையென்றால் எண்ணெய் ஆறிவிடும்.

சைவக்காரர்களுக்கு? பாதாமை அரைத்து உள்ளே வைத்து, பொரித்துச் சுடச்சுடத் தேனில் போடுகிற வகை ஒன்று உண்டு. இனிப்புதான், ஸ்டார்ட்டர் கணக்கில் வராது. அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? மாவுப்பசையால் ஒட்டிக்கொள்.

மண்டபத்தில் ஃப்ரீசர் உண்டா? பொரிக்க ஆள் யார்? உங்கள் பெரிய மாமாவை மட்டும் அடுப்புப் பக்கம் விட்டுவிடாதே. நாளைக்கே பதில் போடு.

உன்,
சுதா