கப்பலேறிய தாத்தாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு தாத்தா உண்டு. அவருக்குப் போட்டோ கிடையாது, திதி கிடையாது. என் பூட்டனுக்குத் தம்பி. "தாது வருசப் பஞ்சத்துல கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவரு" என்பாள் ஆச்சி. அதற்கு மேல் கேட்டால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். மூன்று வருஷம் தேடி, போன மாசியில்தான் ஆளைப் பிடித்தோம். ஆவணங்களுக்கென்று ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் நன்றிக்கடன் நிறைய இருக்கிறது.

முதல் நன்றி முகம் தெரியாதவர்களுக்கு. சென்னையிலிருந்து கிளம்பிய 'டுரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் நெட்டால் பகுதியின் துறைமுகமான டர்பனைத் தொட்டது. அதிலிருந்து 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாசத்தில் எழுதியதல்ல, ஆள் ஓடிவிட்டால் பிடிக்க வேண்டுமே! அந்தப் பட்டியல்களை வரிவரியாகப் படித்துக் கணினியில் ஏற்றியவர்களுக்கும், அவற்றைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுக்கும் டர்பன் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கும் என் கும்பிடு.

பட்டியல் கைக்கு வந்தும் ஆறு மாதம் முட்டி மோதினேன். தாத்தா பெயர் சுடலை. அந்தப் பெயரில் பொருந்தி வரும் ஆளே இல்லை. என் தங்கை மகள்தான், "மாமா, நாம எழுதுற மாதிரி தேடாதீங்க. அந்தக் குமாஸ்தா காதுல எப்படி விழுந்திருக்கும்னு யோசிங்க" என்றாள். அப்புறம் சூடலே, சோடலி, சுட்லா என்று வரிசையாக வந்து நின்றார்கள். எங்கள் சுடலை யார்?

ஒருவர் வயதுக்குச் சரியாக இருந்தார். ஆனால் தாலுகா 'தென்கரை' என்றிருந்தது. பெரியகுளம் பக்கத்துத் தென்கரையாக்கும் என்று அவரைத் தள்ளிவிட்டேன். கர்ணம் (அந்தக் காலத்து ஊர்க் கணக்குப்பிள்ளை) வீட்டு அண்ணாச்சிக்குத் தொண்ணூறு வயது. திண்ணையில் சாய்ந்தபடியே சிரித்தார். "ஏல, இப்பம் ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்னு சொல்லுத பக்கம்லாம் அப்பம் தென்கரைத் தாலுகா." 1879-இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்ட மேனுவலை இணைய ஆவணக் காப்பகத்தில் இறக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னதுதான் சரி. எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை நம் ஜில்லா. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகப்பன் பெயர் ஒத்துவந்தால் உறுதி. ஆனால் பூட்டனின் தகப்பனார் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார வைத்து, பழைய ரெஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வாசல்வரை வந்து டீ வாங்கிக் கொடுத்து, "சாஸ்தா கோயில் வரி நோட்டைப் பாத்தீயளா சார்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும், அவருக்குச் சங்கடம். அவர் இதைப் படித்தால் போதும்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ இருந்து வந்து சாஸ்தா கோயிலில் பொங்கலிடுகிறோம், வரி கட்டுகிறோம். அந்த நோட்டை ஒருநாளாவது புரட்டியிருப்போமா? பூசாரி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். மூல நோட்டு செல்லரித்ததால் அவர் அப்பா பார்த்து எழுதிய பிரதி. அதில் பூட்டன் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருந்தன. கப்பல் பட்டியலில் சுடலைக்கும் அதே தகப்பன், அதே கிராமம். அவர் போனது 1882-இல். ஆச்சி சொன்ன தாது வருஷம் 1876; அவள் கணக்கில் ஆறு வருஷம் பிசகு.

மீதியைத் தங்கை மகள் பார்த்துக்கொண்டாள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் போதும் என்றாள். (அங்கே சில ஆவணப் படங்களை அவர்களுடைய மையங்களுக்குப் போனால்தான் பார்க்க முடியும்; அதற்காகக் காசு கேட்கும் தளத்துக்கு ஓடிவிடாதீர்கள்.) அதில் நெட்டாலிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் எஸ்டேட் கோப்புகள் (தோட்டமல்ல, இறந்தவர் விட்டுப்போன சொத்து பற்றிய கோப்புகள்), 1846 முதல் 1950 வரை உள்ளவை, இருக்கின்றன. இறந்தவரின் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் எழுதிய மரண அறிவிப்பு அந்தக் கோப்புகளில் வரும். ஓர் இரவு போனில் வாசித்துக் காட்டினாள். சுடலைக்கு நாலு பிள்ளைகள். மூத்தவனுக்கு வைத்திருந்தது, வரி நோட்டில் நாங்கள் பார்த்த அந்தத் தகப்பனார் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர். அதற்குப் பிறகு அவள் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இந்தப் பங்குனி உத்திரத்தன்று பூசாரி நோட்டைத் திறந்து, பூட்டன் பெயருக்குக் கீழே சுடலையையும் நாலு பிள்ளைகளையும் எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, "அப்பம் இவுக தலைக்கட்டு வரி நூறு வருசத்துக்கு மேல பாக்கில்லா?" என்றார். இந்த வருஷத்துக்கு மட்டும் கட்டிவிட்டு வந்தேன்.

நன்றியுடன்,
சுடலைத் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன்
பாளையங்கோட்டை