அருளானந்தரின் கதையை முழுமையாகச் சொல்லுங்கள்: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய மறைக்கல்வி ஆசிரியர்களே,

வணக்கம். பிப்ரவரி 4 நெருங்கும்போதெல்லாம் புனித அருளானந்தரைப் (ஜான் டி பிரிட்டோ) பற்றி நம் வகுப்புகளில் பாடம் நடத்துகிறோம். லிஸ்பனில் பிறந்தார், மறவர் நாட்டில் (இராமநாதபுரம் பகுதி) மறை போதித்தார், ஓரியூரில் தலை வெட்டப்பட்டார், அங்கே மண் சிவந்தது என்று நான்கு வரிகளில் முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அது போதாது என்று உங்களிடம் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

1686-இலேயே அவர் சிறைப்பட்டு, உபதேசியார்களோடு (மறை போதிப்பதில் துணைநின்றவர்கள்) சேர்ந்து கடுமையாக வதைக்கப்பட்டார் என்பதையும், அப்போது அவரை விசாரித்து விடுவித்தவர் பின்னாளில் மரண தண்டனை விதித்த அதே மறவர் நாட்டு மன்னர் இரகுநாத கிழவன் சேதுபதிதான் என்பதையும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடுதான் சேதுபதி அவரை அனுப்பினார். அதன்பின் தம் துறவற சபையான இயேசு சபையின் பணி நிமித்தம் ஐரோப்பா சென்றபோது, சிறுவயதில் தம்மோடு அரண்மனையில் வளர்ந்த அவரைத் தம் மகனுக்கு ஆசிரியராக இருத்திக்கொள்ள போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் பேதுரு விரும்பினார். போர்ச்சுகலிலும் புலால் உண்ணாமல் வாழ்ந்த அந்தக் காவியுடைப் பண்டாரசாமி (தமிழ்த் துறவியர்போல் வாழ்ந்த மறைபோதகர்) அதை ஏற்காமல் 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். என்னைக் கேட்டால், அவருடைய மறைசாட்சியம் வாள் விழுந்த நாளில் அல்ல, அந்தக் கப்பலில் ஏறிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்ததாக நான் சொல்ல வருவது நாம் பெரும்பாலும் தவிர்க்கும் பகுதி. மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அவரும் அப்படியே மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலை, சேதுபதியின் நெருங்கிய உறவுப்பெண். அவருடைய முறையீடுதான் மன்னரின் சினத்தை மூட்டியது. ஒருமுறை இதை வகுப்பில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "அப்போ அந்த அம்மா பாவம் இல்லையா, டீச்சர்?" என்று கேட்டாள். என் கையில் இருந்த பாடநூலில் அதற்குப் பதில் இல்லை. பாவம்தான் என்றேன். அதைச் சொல்வதால் புனிதரின் பெருமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கடலையை வஞ்சகியாக மட்டுமே காட்டுவோமானால், நாம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம்.

அதேபோல், சேதுபதியைப் பாடத்தில் வெறும் கொடுங்கோலனாக வரையாதீர்கள். அவருக்குக் குடும்பத்தின் மானமும் கட்டளை மீறப்பட்ட சினமும் இருந்தன. அருளானந்தருக்கோ தாம் போதித்ததை விட்டுக்கொடுக்க இடமில்லை. இந்த மோதலைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குத்தான், 1693 ஜனவரி 8-இல் கைதானவர் இறுதிவரை ஏன் பின்வாங்கவில்லை என்பது புரியும்.

தண்டனைக்கு முந்தைய நாள் ஓரியூர்ச் சிறையிலிருந்து அவர் எழுதிய மடலை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். மையும் எழுதுகோலும் இல்லாததால், கரியைக் குழைத்து வைக்கோல் துரும்பால் எழுதிய மடல் அது. நற்செயல் குற்றமாகக் கருதப்படும்போது அதற்காகத் துன்புறுவது மேன்மை என்று அதில் எழுதியவர், தம்மைக் கொல்லவிருப்போரை ஒரு சொல்லாலும் சபிக்கவில்லை. 1947-இல் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்ததைச் சொல்லும் முன், பிள்ளைகள் கையில் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுத்து, அதனால் தங்கள் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தியான மறைக்கல்வி ஆசிரியை