'கல்லீரல் புற்றுநோய்' என்று எழுதும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யாருக்காவது கல்லீரலில் கட்டி என்றால் நம் பத்திரிகைகள் உடனே 'கல்லீரல் புற்றுநோய்' என்று போட்டுவிடுகின்றன. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் வேறு, இன்னொரு உறுப்பில் தோன்றி அங்கே வந்து தங்குவது வேறு. மருந்தும் வேறு, எத்தனை காலம் வாழலாம் என்ற கணக்கும் வேறு. எங்கள் வீட்டில் இது புரிய நாலு மாதம் ஆனது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு அப்போது 54 வயது. ஒன்றரை வருஷமாக விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே முகமும் கழுத்தும் குபீரென்று சிவந்து சூடாகும். மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். அப்புறம் ஸ்கேன் எடுத்தால் கல்லீரல் முழுக்கக் கட்டிகள். முதலில் போன மருத்துவமனையில் பயாப்சி (கட்டியில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்காமலே, கல்லீரல் புற்றுநோய், முற்றிவிட்டது, ஆறு மாதம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "இவங்களுக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கா?" என்றுதான். இல்லை. குடி இல்லை, ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (கல்லீரலில் தோன்றும் புற்றுநோயில் பெரும்பாலும் கூடும் ஒரு புரதம்) அளவும் சரியாகவே இருந்தது. ஏ.எஃப்.பி. சரியாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது, ஆனால் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலில்தான் வரும் என்றார். கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ளவருக்கு, சி.டி. ஸ்கேனில் சாய மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கினால், பயாப்சி இல்லாமலே முடிவுக்கு வரலாமாம், அது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறைதான். நல்ல கல்லீரல் உள்ளவருக்கு அந்த விதியைப் போடக்கூடாது. நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுபவை) என்று ஒரு வகை உண்டு, அவற்றுக்கும் ரத்த ஓட்டம் அதிகம், அவையும் அதே மாதிரி பளிச்சிட்டு மங்கக்கூடும்.

பயாப்சி எடுத்து, செல் எந்த வகை என்று காட்டும் இம்யூனோ சாயம் போட்டுப் பார்த்தார்கள். நியூரோஎண்டோகிரைன் செல்லைக் காட்டும் குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் இரண்டும் பாசிட்டிவ், கல்லீரல் செல்லைக் காட்டும் ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 இரண்டும் நெகட்டிவ். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கி-67 வெறும் 4 சதவீதம், மெதுவாக வளர்கிற வகை. இந்த வகைக் கட்டிகளைத் தேடும் கேலியம் பெட் ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அந்த வழியாகவே செல்களும் போயிருக்கின்றன. முகம் சிவந்ததும் வயிற்றுப்போக்கும் அந்தக் கட்டிகள் சுரந்த செரட்டோனின் போன்ற பொருள்களால். இப்போது அந்தச் சுரப்பை அடக்க மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி. கட்டிகள் மறையவில்லை, வளரவும் இல்லை, இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த நோய் எல்லோருக்கும் இப்படி மெதுவாகப் போகும் என்று சொல்லவில்லை, கி-67 அதிகமானால் வேகமாகவும் பரவும். நடிகர் இர்ஃபான் கான் 2018-இல் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று சொன்னபோது பலரும் மூளைக் கட்டி என்று நினைத்தார்கள், நியூரோ என்றாலே மூளை இல்லை என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-இல் கணையத்தில் கண்டுபிடித்ததும் இந்த வகைதான், 2009-இல் கல்லீரல் மாற்று சிகிச்சையும் செய்துகொண்டு 2011 வரை இருந்தார். வழக்கமான கணையப் புற்றுநோயில் அவ்வளவு காலம் அபூர்வம், ஆனால் செய்திகளில் வெறும் 'கணையப் புற்றுநோய்' என்றுதான் அதிகம் வந்தது.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. ரத்தத்தில் குரோமோகிரானின் பார்க்கச் சொன்னால், பான்டோபிரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மாத்திரையே அளவைக் கூட்டிக் காட்டும். பயாப்சி ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்று மட்டும் இருந்தால் இம்யூனோ செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், ஆய்வகத்தில் பயாப்சித் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுக்கலாம், பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி