தொழுநோயாளர் சந்திப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் தலைவர், பொருளாளர், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்திப்புப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது, புரட்டிப் பார்க்கலாம். விசுவாசமும் வைத்தியமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். பெரும்பாலும் வார்டில் அல்ல, ஆலய வாசலில்தான்.

வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறோம். பாதத்தில் உணர்ச்சி போனவரும் கழற்றுகிறார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சிமெண்டுத் தளம் கொதிக்கிறது. நாம் துள்ளிக் குதித்து ஓடுகிறோம். அவர் நிதானமாக நடந்து வருகிறார். மாலையில் கொப்புளம், பிறகு புண். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் எடுத்துக்காட்டியது இதைத்தான்: விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாததால் சுட்டும் வெட்டுப்பட்டும் தேய்ந்தும் போகின்றன. தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

ஆகவே இவர்கள் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்போடு ஆலயத்துக்குள் வரலாம் என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டி ரப்பர், வாரில் ஆணி கூடாது. ஆணி மேலே வந்து குத்தினாலும் தெரியாது. முட்செடியருகே மோசே பாதரட்சையைக் கழற்றினாரே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: மோசேயின் பாதத்தில் உணர்ச்சி இருந்தது. வெறுங்காலோடு பாதயாத்திரை போவதாகப் பொருத்தனை செய்தவர்களிடம், அதை வேறு காணிக்கையாக மாற்றித் தரும்படி ஆயரே பேசுவது நல்லது. நாம் சொன்னால் கேட்பதில்லை. ஐக்கிய விருந்தில் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். பிடி உள்ள கோப்பை போதும்.

அடுத்தது மாத்திரை. ஐந்து தேமல் வரை, நரம்பு அதிகம் பாதிக்காதவர்களுக்கு 6 மாதம். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 12 மாதம். அரசு இலவசமாகத் தருகிறது. தவறு இரண்டு விதமாக நடக்கிறது. மூன்றாம் மாதம் தேமல் மங்கியதும் “ஜெபத்தில் சுகமானேன்” என்று சாட்சி சொல்லி அட்டையைத் தூக்கிப்போடுகிறார்கள். கிருமி உள்ளே இருக்கிறது. மறுபக்கம், 12 மாதமும் முடித்தவருக்குத் தேமல் கொஞ்சம் மீதி, மரத்த கை மரத்தபடியே. அவரிடம் “விசுவாசம் போதவில்லை” என்கிறார்கள். இதைவிடக் கொடுமை இல்லை. நீண்ட நாள் செத்துக்கிடந்த நரம்பு திரும்பாது. ஆனால் நோய் குணமாகிவிட்டது. பத்து குஷ்டரோகிகளையும் ஆண்டவர் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார். அந்தக் காலத்துப் பரிசோதனை அதுதான். சாட்சி சொல்ல வருபவரிடம் மருந்துச் சீட்டு முடிந்ததா என்று கேட்பது அவிசுவாசமல்ல.

மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். இரண்டும் மருந்தின் நிறம், பயம் வேண்டாம். தேமல் திடீரென்று சிவந்து வீங்கினால், முழங்கையில் நரம்பு வலித்தால், விரல் மடங்கினால், கண் மூடாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி. அது ரியாக்‌ஷன், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை. உபவாச ஜெபத்துக்கு நாள் குறித்துக் காத்திருந்தால் கை போய்விடும். அப்போது தரும் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. லெந்து கால உபவாசத்தில் வெறும் வயிற்றில் போட்டு வயிறு எரிந்து, மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு உபவாசம் வேண்டாம்.

ஜெப எண்ணெயைத் திறந்த புண்ணில் பூசாதீர்கள். நெற்றியில் போதும். ஆனால் எண்ணெய்க்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைக் கரடான கல்லில் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். தினமும். வெடிப்பு வராது. ஆறாத புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம் மிதிக்காமல் இருப்பது, அதற்குத்தான் மாவுக்கட்டு.

அறுவை சிகிச்சைக்கு முன் ஜெபிப்பது பற்றி: அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் 1802 இதய பைபாஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தங்களுக்காக ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் நடக்கிறதா என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52, ஜெபிக்கப்படாதவர்களில் 51. காரணம் நிரூபிக்கப்படவில்லை. ஜெபத்தை அளந்துவிட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனாலும் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று உரத்த குரலில் ஜெபித்தால், “என் நிலைமை அவ்வளவு மோசமா?” என்று நோயாளி நினைக்கத்தான் செய்வார். இருவர் போங்கள். கை கழுவிவிட்டு, கேட்டு, அமர்ந்து, அவர் கையைத் தொட்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். தொடுவதற்குத் தயங்க வேண்டாம். மருந்து தொடங்கியவரிடமிருந்து தொற்றாது.

வரும் ஆண்டுக்குச் சபையாரிடம் கேட்பது மூன்று: பிடி உள்ள கோப்பைகள், வாசலில் நிழற்பந்தல், அறிவிப்புகளில் “குஷ்டரோகி” என்ற சொல்லுக்குப் பதில் “தொழுநோயாளர்”. கோப்பைக்கு ஒருவர் பணம் தந்துவிட்டார். பந்தல் பாக்கி.

இப்படிக்கு,
செயலாளர்