சாமிக்கு ஊர் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர் எழுதியது. சீனப் பீங்கானையும் ஜப்பானியத் திரைகளையும் அவர் விவரித்த விதம் நன்றாகவே இருந்தது. ஆனால் சோழர் காலத்து அம்மன் ஒன்றைப் பற்றி எழுதும்போது, "நம் ஊரிலேயே இருந்திருந்தால் எண்ணெய்ப் பிசுக்கில் இந்த அழகை யாரும் பார்த்திருக்க முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். படித்த நாளிலிருந்து அந்த வரி மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. தாங்களும் அதைப் படித்துவிட்டுத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்? எனக்கு அதுதான் கூடுதல் வருத்தம்.

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரி. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் சிவன் கோயிலில் அம்மனுக்கு எண்ணெய்க்காப்பு நடப்பதைப் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்தவள். நல்லெண்ணெய் சாற்றியதும் அரிசிமாவு தேய்ப்பார்கள். பிறகு மஞ்சள், பால், தயிர், இளநீர், சந்தனம் என்று ஒவ்வொன்றாக ஆகும். திருவிழாவுக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்து விபூதியால் துலக்குவார்கள். அலங்காரத்துக்கு முன்னால் குருக்கள் ஒரு தீபம் காட்டுவார். அந்த நேரத்தில் அம்மன் கன்னத்தில் படும் வெளிச்சத்தைப் பார்த்த எவரும் பிசுக்கு என்று எழுத மாட்டார்கள். கட்டுரையாளர் அதைப் பார்த்ததில்லை என்றால் அது அவர் தவறில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு எழுதியதுதான் தவறு.

அவர் சொல்வது போன்ற அருங்காட்சியகம் எனக்கும் புதிதில்லை. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது மருமகன் வேலை பார்த்த பல்கலைக்கழகத்திலேயே அப்படி ஒன்று இருந்தது. எங்கள் பள்ளியின் பிரார்த்தனைக் கூடம் அளவுதான் இருக்கும். கட்டணம் கிடையாது. குழந்தை தூங்கும் நேரத்தில் நான் அங்கே போய்விடுவேன். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் நின்றிருந்தாள். இரண்டு முழ உயரம் இருக்கும். பூச்செண்டு பிடிக்கும் பாவனையில் வலக்கை. இடக்கை அப்படியே தொங்கவிட்டபடி. மூக்கு நுனியும் கன்னமும் மழமழவென்று தேய்ந்திருந்தன. இடுப்புக்குக் கீழே ஆடை மடிப்புகள் மட்டும் இன்னும் கூர்மையாக இருந்தன. எத்தனை தலைமுறைக் கை பட்டிருந்தால் வெண்கலம் அப்படித் தேயும்! கட்டுரையாளர் மயங்கிய அழகில் பாதி, அவர் இளக்காரமாகச் சொன்ன அந்த எண்ணெயும் புளியும் தேய்த்துக் கொண்டுவந்தது.

பீடத்தின் இரண்டு பக்கமும் வளையங்கள் இருந்தன. அங்கே மேற்பார்வைக்கு நின்ற மாணவிக்கு அவை எதற்கென்று தெரியவில்லை. புறப்பாட்டின்போது வாகனத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கு என்று சொன்னேன். "அப்படியானால் இந்தச் சிலை வெளியே போகுமா?" என்று கேட்டாள். வாரை பிடித்துச் சீர்பாதம் தாங்கிகள் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் போவார்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டோடு காத்திருப்போம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெட்டிக்குக் கீழே இருந்த அட்டையில் "பார்வதி, தென்னிந்தியா, சுமார் 12-ஆம் நூற்றாண்டு, அன்பளிப்பு" என்று மட்டும் இருந்தது. எந்த ஊர்? எந்தக் கோயில்? யார் கொடுத்த அன்பளிப்பு? அதைக் கொடுக்க அவருக்கு யார் கொடுத்தார்கள்?

அதே கூடத்தில் உச்சியில் தீச்சுடரோடு ஒரு சிறிய புத்தர் இருந்தார். அவருக்கு மட்டும் "நாகப்பட்டினம்" என்று ஊரைப் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1856 தொடங்கி நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து கிடைத்த புத்தர்கள் சுமார் 350 என்பார்கள். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. அந்தச் செப்பேடும் 1862-இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது. தங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புத்தருக்கு ஊர் எழுத முடிகிறபோது அம்மனுக்கு ஏன் எழுத முடியவில்லை? ஊரை எழுதினால், எப்படி வந்தாய் என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அங்கே பத்திரமாக இருக்கிறது என்பதுதானே கட்டுரையின் உட்கருத்து? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வார் கதையைத் தங்கள் இதழே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமேனி அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்த 1957-ஆம் வருடத்துப் புகைப்படத்தில் அதே ஆழ்வார் சுந்தரப்பெருமாள்கோவிலில் நிற்கிறார். பத்து வருடத்துக்குள் லண்டன் ஏலத்துக்குப் போயிருக்கிறார்! 2024-இல் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த ஒரு புகைப்படம் இல்லாவிட்டால் அவரும் "தென்னிந்தியா" என்ற அட்டையோடுதான் நின்றிருப்பார். ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கி, திருட்டுப் பொருள் என்று தெரிந்து 2014-இல் திருப்பிக் கொடுத்தது. லண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜருக்காகக் கோயிலே வாதியாக நின்று 1988-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1991-இல் அவர் ஊர் திரும்பினார். இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் ஒன்றாவது கட்டுரையாளருக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

திரும்பி வந்தவர்கள், இங்கேயே இருப்பவர்கள் கதை மட்டும் சுகமாகவா இருக்கிறது? எங்கள் ஊர் அம்மனையே திருட்டுக்குப் பயந்து வேறோர் ஊர்க் கோயிலின் பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆடிப்பூரத்துக்கு அழைத்துவர மனு எழுதி, கையெழுத்து வாங்கி, அலைய வேண்டியிருக்கிறது. காலையில் சின்ன வேனில் வைக்கோல் மெத்தைமேல் போலீஸ் காவலோடு வருவாள். வளையல் சாற்றி முடிப்பதற்குள் "இருட்டுவதற்குள் கிளம்பணும்" என்று அவசரப்படுத்துவார்கள். வீதியுலா கிடையாது. மற்ற நாளெல்லாம் உற்சவர் மேடை காலியாகக் கிடக்கிறது. இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அம்மன் முகமே சரியாகத் தெரியாது. இதைத் தங்கள் நிருபர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று முன்பே ஒரு கடிதம் எழுதினேன். அது பிரசுரமாகவில்லை. இடமின்மை காரணமாக இருக்கலாம், நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் அந்த வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு இடம் கிடைத்திருக்கிறதே! பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். எங்கள் டெல்டாவிலும் ஒரு பல்கலைக்கழகத்தில் சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கிருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பெயரைத் தவிர்க்கிறேன். பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். வயலில் கிடைத்த தலையில்லாத புத்தர், முதுமக்கள் தாழி, சீனப் பானை ஓடுகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த ஊரில் யார் நிலத்தில் கிடைத்தது என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே இருந்த ஊழியர் ஒவ்வொரு விளக்காகப் போட்டு, ஒரு பையனின் கையிலேயே ஒரு பானை ஓட்டைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்தப் பையன் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினான். சனி ஞாயிறு மூடியிருக்கும், வாசலில் பெயர்ப்பலகைகூட வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். ஊர்க்காரர்களுக்கே அது இருப்பது தெரியாது. தங்கள் இதழில் அதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு பொங்கல் மலரில் தஞ்சைக் கலைக்கூடத்தின் திருவெண்காட்டு ரிஷபவாகனர் படத்தைப் போட்டு, கீழே "சோழர் கால நடராஜர்" என்று அச்சிட்டிருந்தீர்கள். பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளைமேல் கையை ஊன்றி நிற்கிற சிவன் அவர். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்று கல்வெட்டே சொல்கிறது. எந்தக் காலத்துத் திருமேனி என்று அடித்துச் சொல்ல முடிவதே அபூர்வம். அப்படிப்பட்டவருக்கே ஊரும் இல்லை, பெயரும் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வரும் என்று தேடினேன். வரவில்லை.

சந்தாவை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அப்பா காலத்திலிருந்து வாங்கும் இதழ், எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இனிமேல் செப்புத் திருமேனி எதன் படத்தைப் போட்டாலும், ஊர் தெரிந்தால் அதன் கீழே ஊர்ப்பெயரைப் போடுங்கள். தெரியாவிட்டால் "ஊர் தெரியவில்லை" என்று போடுங்கள். "தென்னிந்தியா" என்று மட்டும் போட வேண்டாம். அந்தக் கட்டுரையில் வந்த அம்மன் படத்திலிருந்தே இதைத் தொடங்கினால், எனக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம் வட்டம்.