மலருக்குள் போகாத கடிதம்

அன்புள்ள அப்பா,

உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு, முதலாம் ஆண்டு நினைவுக்கு, மலர் அடிக்கப் போகிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்தது போதாதாம், கனடாவில் இருக்கும் ஊராக்கள் கேட்கிறார்களாம். "மகளின் பார்வையில்" என்று எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன எழுதவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். பாசமிகு தந்தை, பிள்ளைகளே உலகம் என்று வாழ்ந்தவர், ஆகஸ்ட் லீவு தவறாமல் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். எல்லாம் உண்மை. அரைப் பக்கம் எழுதி, படமும் தேடி அனுப்பிவிட்டேன். அதற்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் இதையும் வாசிப்பார்கள். அதனால் சில இடங்களில் விழுங்கி எழுதினால் உங்களுக்கு விளங்கும்.

முதலில் செய்தி. நெடுந்தீவில் இருக்கிற எங்கள் வீட்டு வளவைக் கொடுக்க முடிவாகிவிட்டது. சித்தப்பா குடும்பத்துக்குத்தான். அம்மா எடுத்த முடிவு, நானும் ஒத்துக்கொண்டேன். அண்ணாவுக்கு மனமில்லை. இப்போது கொழும்புப் பக்கத்துச் சனமும் வெள்ளைக்காரரும் குதிரை பார்க்க வருகிறார்கள், அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தண்ணிக்கு என்ன செய்யப்போறியள் என்று கேட்டேன். பிறகு நடந்த கதையை எழுதவில்லை, அவரும் இதை வாசிப்பார்.

"வளவை வைச்சிருங்கோ" என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் யார் வைத்திருப்பது? கூரை போய்விட்டது. கிழக்குப் பக்கக் கல்வேலி சரிந்து மாடு உள்ளே வருகிறது. அது சித்தப்பாவின் மாடுதான். கல்லை எடுத்து அடுக்குகிறவரும் அவர்தான். சாந்து பூசாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்தவைக்கிற அந்தக் கைப்பழக்கம் அண்ணாவுக்கு வராது, எனக்கும் வராது. பசுத்தீவு என்று பழைய பெயர் உள்ள ஊரில் மாடு வளர்க்கிறவருக்கு நிலம் போவதில் என்ன பிழை? மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. ஆனால் பிழை இல்லை.

மலரில் எழுதியதை இங்கேயும் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

776 பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் நீங்கள் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றுவீர்கள். வேலணை தாண்டி, வாணர் பாலம் தாண்டி, குறிகட்டுவானில் இறங்கும்போது கந்தோரில் கோப்புகளுக்குள் குனிந்திருந்த மனுசன் போய் வேறு ஆள் நிற்பார். குமுதினிப் படகில் ஏறிய பிறகு எங்களைவிட நீங்கள்தான் கூடக் கதைப்பீர்கள். நடுக்கடலில் மட்டும் பேச்சு நின்றுவிடும். சோளகக் காற்றில் படகு ஆடுவதால் பயப்படுகிறீர்கள் என்று நினைத்து நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். 1985 மே 15 அன்று அதே படகில் போன சனங்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றதை நான் பிறகுதான் அறிந்தேன். உங்களோடு படித்த ஒருவரும் அதில் போனவர் என்று சொன்னது சித்தப்பா. நீங்கள் சொல்லவேயில்லை. சொல்லாமல் விடுவதில் நீங்கள் கெட்டிக்காரர்.

ஊரில் கால் வைத்தால் நீங்கள் சிறுபிள்ளை. பாறையில் இருக்கிற ராட்சதப் பாதத்துக்குள் எங்கள் கால்களை வைக்கச் சொல்லி, "போன வருசத்தைவிடப் பெரிசு, இன்னும் கொஞ்சக் காலத்தில நிரப்பிப்போடுவாள்" என்பீர்கள். பெருக்கமரத்தைச் சுற்றிக் கைகோர்த்து நிற்கச் சொல்வீர்கள், வீட்டார் எல்லோரும் நின்றும் கை எட்டாது. வெடியரசன் கோட்டைக் கற்களில் ஏறி நின்று நீங்கள் சொன்ன கதை வருடத்துக்கு வருடம் மாறும். அண்ணா பிடித்துவிடுவார், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆவணியில் குளங்கள் காய்ந்து, பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன அந்த மட்டக் குதிரைகள் விலா எலும்பு தெரிய அலையும். நீங்கள் தண்ணீர் இறைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு எங்களைக் கல்வேலிக்குப் பின்னால் குந்தவைப்பீர்கள். அசையக்கூடாது, இருமக்கூடாது. அவை வந்து குடித்துவிட்டுப் போகும்வரை உங்கள் கை என் தலையில் இருக்கும்.

இறைத்தது நீங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உவர்த் தண்ணீர். குடிக்கிற நல்ல தண்ணீருக்கு அம்மாதான் குடத்தோடு அந்த வெயிலில் நடந்தார். குதிரைக்குத் தண்ணீர் இறைத்த அப்பாவை ஊரே சொல்லுகிறது. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அம்மாவை மலரில் "அன்னாரின் பாசமிகு மனைவி" என்று ஒரு வரியில் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு லீவு எப்போது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா அப்பா?

சரி, அந்த ஆகஸ்ட்டுக்கு வருகிறேன். நீங்களும் அம்மாவும் வீட்டில் பேசாத அந்த ஆகஸ்ட், 2006.

12ஆம் திகதி சனிக்கிழமை திரும்பவேண்டியவர்கள். முதல் நாள் முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டியாயிற்று, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. விடியக் கறுக்கலில் சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாவலித் துறைக்குப் போனீர்கள். போன பைகளோடு திரும்பி வந்து, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, "பிள்ளையள், லீவு நீட்டியாச்சு" என்றீர்கள். நாங்கள் துள்ளிக் குதித்தோம். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்தார். "கடல் சரியில்லையாம்" என்றீர்கள். சோளகக் காலம் அல்லவா, அம்மா நம்பினார்.

அன்றைக்கு விழுந்து கிடந்த பனங்காய்களைப் பொறுக்கி எனக்கு வண்டில் செய்து தந்தீர்கள். இரண்டு காய், நடுவில் ஒரு தடி, தள்ளுவதற்குக் கவர்க்கம்பு. அண்ணாவுக்கு வயது போய்விட்டது, அவர் எடுக்கவில்லை. நான் ஒழுங்கை முழுவதும் ஓட்டினேன். பழுத்ததை எல்லாம் அம்மா கழுவித் தோலுரித்து, களி பிசைந்து, காறல் போகக் காய்ச்சி, சீனியும் மாவும் போட்டுப் பணியாரம் சுட்டார். மிஞ்சிய களியைப் பனாட்டுக்கென்று பாயில் பூசினார். "இனி இஞ்சையே இருந்திடுவமோ?" என்று அம்மாதான் கேட்டார். நெற்றியில் களி அப்பியிருந்தது. அம்மா நெடுந்தீவில் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

13ஆம் திகதி இரவு ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நீங்கள் வெளியில் நின்றீர்கள். அடுத்த நாள் காலை எங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நண்டு பிடித்தோம். மத்தியானம் அம்மா திரும்பவும் பணியாரம் சுட்டார். நீங்கள் நன்றாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டீர்கள். மடியிலிருந்த என் கையில் நீங்கள் தந்த துண்டின் சூடு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு சாதாரணமாகத் தந்தீர்கள்.

அம்மம்மா இருந்த அல்லைப்பிட்டியில், தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் ஷெல் விழுந்த செய்தியை அம்மா கிணற்றடியில் அறிந்தார். பக்கத்து வீட்டு அக்கா, "உங்கட அம்மாவின்ர பாடு என்னமாதிரி?" என்று கேட்டிருக்கிறார். அம்மா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். நீங்கள் திண்ணையில் எனக்கு வண்டிலின் கழன்ற தடியை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அம்மா கத்தவில்லை. "உங்களுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. "சொல்லி என்ன செய்யிறது? கடல்ல நடந்து போகேலுமோ?" என்றீர்கள்.

"நான் சிரிச்சுக்கொண்டு பணியாரம் சுட்டனே" என்றார் அம்மா.

அவ்வளவுதான். அம்மம்மா தப்பிவிட்டார், வேறு பக்கமாக ஓடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தார். பிறகுதான் அதுவும் தெரிந்தது. நாங்கள் எப்படித் திரும்பினோம், யாரிடம் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதை இங்கே எழுதமாட்டேன். திரும்பி வந்த யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டதேயில்லை. நீங்களும் கேட்டதில்லை. அடுத்த ஆகஸ்ட்டுகளில் யாரும் தீவுப் பேச்சை எடுக்கவில்லை. போர் முடிந்த பிறகு நீங்கள் தனியாகப் போய்வந்தீர்கள்.

நான் கனகாலம் உங்கள் பக்கம். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு தகப்பன் வேறு என்ன செய்ய முடியும்? போன் இல்லை, படகு இல்லை, அறிந்தாலும் அழுவதைத் தவிர வழியில்லை. பிள்ளைகளின் ஒரு நாளையாவது காப்பாற்றினீர்கள். என் மகளுக்கு இப்போது அந்த வயது. மின்சாரம் போனதற்கே அவளிடம் ஒரு கதை கட்டிச் சொல்லுகிறவள் நான்.

ஆனால் அம்மா உங்கள் பிள்ளை இல்லையே, அப்பா. அழுவதைத் தவிர வழியில்லை என்றால், அழட்டும். அது அவருடைய தாய், அவருடைய அழுகை. அதை எடுத்து ஒளித்துவைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? எங்களை அழாமல் வைத்திருந்த நல்ல அப்பா என்ற பெயருக்கு அம்மாவின் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழித்தீர்கள். இப்படி எழுதியதற்கு எத்தனை பேர் போன் எடுப்பார்கள் என்று தெரியும். எடுக்கட்டும்.

இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதும் தெரியும். போன வருடம் ஸ்கேன் முடிவு வந்ததும் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வெளியில் வந்து, "அல்சராம் அப்பா, குளிசை தந்திருக்கினம்" என்றேன். உறைப்புச் சாப்பிடவேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன், அப்போதுதான் நம்புவீர்கள் என்று. அண்ணாவும் போனில் அதையே சொன்னார். அம்மாவுக்குச் சொன்னேன், அதை மட்டும் மறைக்கவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அவருக்கும் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்கிறது என்று நினைத்தேன். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டீர்கள், பேத்தியோடு கரம் விளையாடினீர்கள், அந்த மாதங்கள் நல்ல மாதங்கள். அதற்காக நான் வருந்தவில்லை. வருந்துகிறேன். யாருக்கு என்ன சொல்ல நினைத்திருந்தீர்களோ, அம்மாவிடம் ஏதாவது கேட்க நினைத்திருந்தீர்களோ, அதற்கு நேரம் இருக்கிறது என்று உங்களை நம்பவைத்தது நான். ஆகஸ்ட்டில் எல்லோரும் தீவுக்குப் போவோமா என்று கேட்டீர்கள். போவோம் என்றேன். அம்மா அடுப்படிக்குள் எழும்பிப் போனார். நீங்கள் அம்மா போவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் எனக்காகத் தெரியாததுபோல இருந்தீர்களா? உங்களிடம் கேட்காமல் விட்டது இது ஒன்றுதான், அதுவும் பயத்தில்.

செவ்வாய்க்கிழமை நொத்தாரிசிடம் போகிறோம். அம்மா கையெழுத்து வைப்பார், அண்ணா அனுமதிக் கடிதம் அனுப்பிவிட்டார், முகத்தைத் தூக்கிக்கொண்டாவது. காசு எவ்வளவு என்று இங்கே போடமாட்டேன். சித்தப்பாவிடம் வாங்குகிற காசா அது என்று கேட்கிறவர்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம்.

வடக்கு மூலையில் நிற்கிற பனைகளின் பழத்தை மட்டும் எங்களுக்கு விடவேண்டும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன், காணி உறுதியிலும் எழுதுவோமா என்றேன். அவர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பிள்ளை, விழுந்த பனங்காயைப் பொறுக்க ஆரும் உறுதி எழுதுறவையே? ஆவணியில சாக்கோட வா" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். சாக்கை யார் படகில் தூக்குவது என்று கேட்டார்.

உங்கள் மகள்