சம்பந்தம் பேசும் இடத்தில் புற்றுநோய் விசாரணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர்ப் பக்கம் இப்போதெல்லாம் சம்பந்தம் பேசப் போனால் ஜாதகத்துக்கு முன்னாலேயே "அவங்க வீட்டுல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா" என்று விசாரிக்கிறார்கள். அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்ததைச் சொல்லி மகளைத் தட்டிக்கழித்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் மருத்துவப் பக்கமும் 'மரபணுக் கோளாறால் புற்றுநோய்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது, படிக்கிறவர் பரம்பரை நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்.

மரபணு கெடுவது உண்மைதான். ஆனால் பெற்றோரிடமிருந்து வந்த பிறழ்வால் (மரபணு எழுத்துகளில் நேரும் மாற்றத்தால்) உண்டாகும் புற்றுநோய் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். மற்றவற்றில் பெரும்பாலும் பீடி சிகரெட் புகை, வெயில், சில ரசாயனங்கள், வயது, செல் பிரியும்போது தானாக நேரும் நகல் பிழை என்று வாழ்நாளில் சேர்ந்த பிறழ்வுகள். அப்பாவின் நுரையீரல் செல்லில் வந்த பிறழ்வு பிள்ளைக்குப் போகாது. (சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி, பென்சீன் என்ற ரசாயனம் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். அதற்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும்.)

அந்த அம்மாவுக்கு வந்த நோயையே பாருங்கள். அநேகமாக எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் எச்பிவி என்ற தொற்று வைரஸ். பி53 என்றொரு புரதம் இருக்கிறது, செல்லின் டிஎன்ஏ சேதமானால் பிரிவதை நிறுத்தும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பிறழ்ந்திருக்கும். ஆனால் எச்பிவி வந்த இடத்தில் அந்த மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வைரஸின் இ6 என்ற புரதம் பி53 புரதத்தை அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். இதில் மகளுக்குப் பரம்பரையாகப் போக என்ன இருக்கிறது? தடுப்பூசி இருக்கிறது என்பதையாவது அந்த வீட்டில் யாராவது சொன்னார்களா?

புற்றுநோய் வரும் இன்னொரு வழியும் உண்டு. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல், அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டி அதை வேலை செய்ய விடாமல் அடக்கிவிடும். டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1 மரபணு சில பெருங்குடல் புற்றுநோய்களில் இப்படித்தான் அடங்கிப் போகிறது, அப்புறம் பிழைகள் தானாகக் குவிகின்றன. பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் நேர்மாறு: மிக் என்ற மரபணு இடம் மாறி எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்கும் புரதம்) மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார, ஓயாமல் வேலை செய்து செல்லைப் பெருக்குகிறது.

பரம்பரையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிறழ்வு தாயிடமோ தந்தையிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு. சின்ன வயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ பலருக்கு வந்த குடும்பம் என்றால் டாக்டரிடம் ஆலோசனை கேட்கத்தான் வேண்டும், அதுவும் சிகிச்சைக்காக, கல்யாணத்தை நிறுத்த அல்ல.

பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் எது பரம்பரை, எது இல்லை என்று கேட்டு, ஞாயிறு இதழில் அரைப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்